வேடத்துக்கு ஒரு முன்கைக் கருவி: உறுப்பினர் இல்லத்து இளைஞருக்கான செய்முறைப் பாடம்

நம் சங்கங்களைச் சேர்ந்த குடும்பங்களில் அண்மைக் காலமாக ஒரு புதுச் செலவு தலைகாட்டி வருகிறது. பள்ளியிலோ கல்லூரியிலோ பயிலும் பிள்ளைகள், வீடியோ விளையாட்டில் வரும் வீரர்களைப் போல வேடம் பூணுவதற்கென, ஒளிவிடும் வாள், ஒலியெழுப்பும் கருவி முதலியவற்றை வாங்கப் பணம் கேட்கின்றனர். நெசவுக் கூலியிலும் காய்கறி விற்பனையிலும் மிச்சம் பிடித்த பணத்தை இதற்குக் கொடுப்பதா என்று பெற்றோர் தயங்குவது இயல்பே. ஆயத்தமாக விற்கும் பொருளை வாங்குவதற்கெனில் அத்தயக்கம் சரியானது. தாமே செய்வதற்கெனக் கேட்டால், தக்க நிபந்தனைகளுடன் கொடுத்தல் நன்று என்பதே இப்பாடத்தின் கருத்து. காரணம் என்ன, செய்யும் முறை யாது, சங்கம் எவ்வாறு துணை நிற்கலாம் என்பவற்றை முறையே காண்போம்.

வேடமும் அதன் சாமான்களும்

வேடச் சாமான் செய்வது நமக்குப் புதிதன்று. காஞ்சிபுரம், செங்கற்பட்டுப் பகுதிகளின் தெருக்கூத்தில் அரசனும் வீரனும் அணியும் கிரீடம், புஜக்கட்டை, மார்புப் பதக்கம் ஆகியவை கல்யாண முருங்கை போன்ற கனமற்ற மரத்தில் செதுக்கி, வண்ணக் காகிதமும் கண்ணாடித் துண்டும் பதித்துச் செய்யப்படுபவை. இரவு முழுதும் ஆடுபவனுக்குப் பாரம் தெரியலாகாது. விளக்கொளி பட்டதும் தொலைவிலிருப்பவர் கண்ணுக்கு மின்ன வேண்டும். இவ்விரண்டு தேவைகளையும் அக்கைவினைஞர் நன்கு உணர்ந்திருந்தனர்.

இன்றைய இளைஞரின் வேடமும் அதே வழியில் வந்ததுதான். 2024 பிப்ரவரியில் சென்னை நந்தம்பாக்கம் வர்த்தக மையத்தில் நடந்த காமிக் கான் விழாவில், சித்திரக்கதை மாந்தரைப் போலவும் வீடியோ விளையாட்டு மாந்தரைப் போலவும் பலர் வேடமிட்டு வந்தனர். வேடப் போட்டியும் நடைபெற்றது. பழைய கிரீடம் பிறர் ஏற்றிய விளக்கின் ஒளியைத் திருப்பி அனுப்பியது. புதிய கருவி தன் ஒளியைத் தானே உண்டாக்குகிறது. வேறுபாடு இவ்வளவே.

நாம் செய்யவிருப்பது

1997இல் அமெரிக்காவில் வெளிவந்த ஃபால்அவுட் என்னும் விளையாட்டு, அணுப்போரால் அழிந்த உலகில் எஞ்சியோரின் கற்பனைக் கதை. அதில் வரும் மாந்தர் பிப்பாய் என்னும் கருவியை முன்கையில் அணிவர். அணிந்தவரின் உடல்நிலை, கைவசமுள்ள பொருள்கள் முதலியவற்றை அது காட்டும். 2015இல் இத்தொடரின் நான்காம் விளையாட்டு வந்தபோது, கைப்பேசியை உள்ளே பொருத்தத்தக்க பிளாஸ்டிக் மாதிரி ஒன்றும் சிறப்புப் பதிப்புடன் விற்கப்பட்டது.

அதைப் பின்பற்றி நாம் எளிய கருவியொன்று செய்வோம். இதில் ஒரு திருகு இருக்கும். திருகைத் திருப்பத் திருப்பப் பச்சை, மஞ்சள், சிவப்பு விளக்குகள் ஒன்றன்பின் ஒன்றாய் மாறி எரியும். கதிர்வீச்சு அளவியைப் போல டிக் டிக்கென்னும் ஒலியும் விரைவுபடும். இது வேடப்பொருளே, உண்மையில் கதிர்வீச்சை அளக்காது. கல்பாக்கம் போன்ற அணுமின் நிலையங்களில் பயன்படும் அளவியின் உள்ளுறுப்பு முற்றிலும் வேறானது. இதனைப் பிள்ளைகள் தெளிவாக அறிந்திருத்தல் வேண்டும்.

அட்டையும் ஆணையும்

மின்னணுக் கருவி என்றதும் நெசவாளர் மலைக்க வேண்டியதில்லை. அதன் அடிப்படை ஜக்கார்டுத் தறியிலேயே உள்ளது. அட்டையில் துளை இருக்குமிடத்தில் ஊசி உள்ளே செல்கிறது. அதற்குரிய கொக்கி தன் இடத்தில் நின்று, அதனுடன் பாவு இழை மேலெழுகிறது. துளை இல்லாவிடில் ஊசி தள்ளப்படுகிறது; கொக்கி விலகி விடுவதால் இழை கீழே தங்குகிறது. ஒவ்வோர் ஊடைக்கும் ஓர் அட்டை. துளை உண்டு, துளை இல்லை என்னும் இரண்டே சொற்களால் மாங்காயும் மயிலும் அன்னமும் புடவையில் பூக்கின்றன. பிரான்சு நாட்டு ஜக்கார்டு 1804ஆம் ஆண்டளவில் இம்முறையை அமைத்தார். 1890இல் அமெரிக்க மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் ஹாலரித் என்பவர் துளையட்டைகளைக் கொண்டே இயந்திரத்தால் கணக்கிட்டார். கணிப்பொறிக்கும் நெடுங்காலம் துளையட்டை வழியாகவே ஆணைகள் தரப்பட்டன.

நம் கருவியிலுள்ள நுண்கட்டுப்படுத்தியும் மின்சாரம் உண்டு, மின்சாரம் இல்லை என்னும் அவ்விரண்டு நிலைகளையே அறியும். அட்டைச் சங்கிலிக்குப் பதிலாக ஆணை வரிசை அதன் நினைவில் எழுதப்படுகிறது. கடைசி ஆணை முடிந்ததும் முதலாணைக்குத் திரும்புகிறது. தறியில் கடைசி அட்டைக்குப்பின் முதலட்டை வருவது போன்றதே இது.

நாம் எடுத்துக்கொள்ளும் பலகையின் பெயர் ஆர்டுயினோ நானோ. ஆர்டுயினோ திட்டம் 2005இல் இத்தாலி நாட்டு இவ்ரியா நகரில் மாணவர் பயன்பாட்டுக்கெனத் தொடங்கியது. பலகையின் வரைபடம் அனைவருக்கும் திறந்து வைக்கப்பட்டுள்ளது. ஆணை எழுதும் மென்பொருளும் இலவசம். ஆதலின் குறைந்த விலையில் பலர் இதனைச் செய்து விற்கின்றனர்.

வேண்டிய பொருள்கள்

தாம்பரத்திலிருந்து மின்ரயிலில் நகருக்குச் சென்று, அண்ணா சாலையை ஒட்டிய ரிச்சித் தெருவில் கேட்டால் மின்னணு உறுப்புகள் அனைத்தும் கிடைக்கும். பட்டியல் வருமாறு:

1. ஆர்டுயினோ நானோ பலகை, அதற்குரிய யு.எஸ்.பி. கம்பியுடன்: ஒன்று.
2. எல்.இ.டி. விளக்கு: சாதாரணப் பச்சை, மஞ்சள், சிவப்பு ஒவ்வொன்று.
3. 270 ஓம் ரெசிஸ்டர்: நான்கு. இதன் நிறக்கோடுகள் சிவப்பு, ஊதா, பழுப்பு.
4. 10 கிலோ ஓம் திருகு மின்தடை: ஒன்று. கடையில் வால்யூம் கண்ட்ரோல் என்றாலும் தருவர்.
5. பீசோ தகடு: ஒன்று. மின்சாரம் பட்டதும் தானே கூவும் பஸர் இதற்கு ஆகாது.
6. ஏஏ அளவு ஆல்கலைன் பாட்டரி மூன்று, அவற்றை வைக்கும் பெட்டி, ஒரு சுவிட்சு, மெல்லிய கம்பி.

உடற்பகுதிக்குக் கடைப்பொருள் தேவையில்லை. கழித்துப் போட்ட ஜக்கார்டு அட்டைகளே போதும். முன்கையைவிடச் சற்றுப் பருமனான புட்டியின்மேல் காகிதம் சுற்றி, அதன்மேல் அட்டைகளை மைதாப் பசையால் நான்கு அடுக்காக ஒட்டி, நிழலில் நன்கு உலர்த்துக. உலர்ந்தபின் நீளவாக்கில் ஒரு பக்கம் கீறிப் புட்டியிலிருந்து கழற்றினால் கைக்கு ஏற்ற உறை கிடைக்கும். உள்ளே பழந்துணி ஒட்டி, நாடாவால் கட்டிக்கொள்ளலாம். மேற்புறம் அட்டையால் சிறு பெட்டி அமைத்து, விளக்குக்கும் திருகுக்கும் துளையிட்டு, வெளியே உலோக நிற வண்ணம் பூசுக. ஈரம் சிறிதும் இல்லாத நிலையிலேயே மின்னுறுப்புகளை உள்ளே வைக்க வேண்டும்.

மூன்று கணக்குகள்

கணக்கின்றிக் கம்பி இணைத்தல், எண்ணாமல் பாவு ஓட்டுவதற்குச் சமம்.

முதற்கணக்கு மின்னழுத்தம் பற்றியது. ஓர் ஆல்கலைன் பாட்டரி 1.5 வோல்ட்டு, மூன்றும் தொடராக இணைந்தால் 4.5 வோல்ட்டு. நானோ பலகையின் 5 வோல்ட்டு முனையில் இதனை நேராகக் கொடுக்கலாம்.

இரண்டாவது விளக்கு பற்றியது. சாதாரண எல்.இ.டி. ஏறத்தாழ 2 வோல்ட்டை எடுத்துக்கொள்ளும். மீதி 2.5 வோல்ட்டை ரெசிஸ்டர் தாங்க வேண்டும். 2.5ஐ 270ஆல் வகுத்தால் ஆம்பியரில் 0.0093 வரும், அதாவது 9 மில்லி ஆம்பியருக்குச் சற்று அதிகம். பலகையின் ஒரு முனையிலிருந்து 20 மில்லி ஆம்பியர் வரை எடுப்பது நல்லது என்பதால் நாம் பாதுகாப்பான எல்லைக்குள் உள்ளோம். ரெசிஸ்டர் இல்லாமல் இணைத்தால் விளக்கோ பலகையின் முனையோ பழுதாகும்.

மூன்றாவது பாட்டரி எவ்வளவு நேரம் வரும் என்பது. பலகைக்கும் விளக்குக்கும் ஒலிக்குமாக 40 மில்லி ஆம்பியர் என வைத்துக்கொள்வோம். பாட்டரியின் கொள்ளளவு 2,000 மில்லி ஆம்பியர் மணி எனின், வகுத்து வருவது 50 மணி. ஆனால் பாட்டரி தேயத் தேய அழுத்தம் குறைவதால், முழுவதும் தீருமுன்னரே பலகை சரிவர இயங்காது போகலாம். ஆகவே 20 மணி நேரத்துக்கு மேல் நம்ப வேண்டாம். ஏட்டுக் கணக்கில் உள்ளது முழுவதும் கைக்கு வருவதில்லை என்பது நிலுவைக் கடன் பார்க்கும் சங்கத்தாருக்குப் புதிய செய்தியன்று.

இணைப்பும் ஆணை வரிசையும்

முதலில் பிரெட்போர்டு என்னும் துளைப்பலகையில் ஈயம் பற்றவைக்காமலே இணைத்துப் பார்க்க வேண்டும். எல்.இ.டி.யின் நீண்ட கால் நேர்முனை, குட்டைக் கால் எதிர்முனை. பலகையின் டி2, டி3, டி4 முனைகளிலிருந்து முறையே பச்சை, மஞ்சள், சிவப்பு விளக்குகளின் நீண்ட கால்களுக்கு, ஒவ்வொரு ரெசிஸ்டர் வழியாகக் கம்பி செல்லட்டும். டி8 முனையிலிருந்து நான்காம் ரெசிஸ்டர் வழியாகப் பீசோ தகட்டுக்கு ஒரு கம்பி. திருகின் இரு ஓரக் கால்களில் ஒன்றை 5 வோல்ட்டு முனைக்கும் மற்றதைத் தரைமுனைக்கும், நடுக்காலை ஏ0 முனைக்கும் இணைக்க. விளக்குகளின் குட்டைக் கால்கள், தகட்டின் மறுகம்பி, பாட்டரியின் எதிர்முனை ஆகிய யாவும் தரைமுனையில் ஒன்று சேர வேண்டும். பாட்டரியின் நேர்முனை சுவிட்சு வழியாக 5 வோல்ட்டு முனைக்குச் செல்லும்.

ஆணை வரிசையின் கருத்து இது:

1. தொடக்கத்தில் ஒருமுறை: டி2, டி3, டி4, டி8 நான்கையும் வெளியீட்டு முனைகளாகக் குறி.
2. ஏ0 முனையின் அளவைப் படி. அது 0 முதல் 1023 வரையுள்ள ஓர் எண்.
3. மூன்று விளக்குகளையும் அணை.
4. எண் 341க்குக் குறைவாயின் பச்சையை ஏற்று. 341 முதல் 682 வரையாயின் மஞ்சளை ஏற்று. அதற்கும் மேலாயின் சிவப்பை ஏற்று.
5. டி8 முனைக்கு 2 மில்லிவினாடி மின்சாரம் தந்து நிறுத்து.
6. 1073இலிருந்து அவ்வெண்ணைக் கழித்து, வந்த தொகையளவு மில்லிவினாடி காத்திரு.
7. இரண்டாம் படிக்குத் திரும்பு.

திருகு தொடக்கத்தில் நின்றால் எண் 0; காத்திருக்கும் நேரம் 1073 மில்லிவினாடி; ஏறத்தாழ வினாடிக்கு ஒரு டிக். திருகு கடைசியில் நின்றால் எண் 1023. காத்திருப்பது 50 மில்லிவினாடி மட்டுமே. வினாடிக்குச் சுமார் 19 டிக். இக்கருத்தை ஆர்டுயினோ மொழியில் எழுதுவது மாணவரின் வேலை. ஆணையைக் கணிப்பொறியிலிருந்து பலகைக்கு ஏற்றும்போது பாட்டரிகளைக் கழற்றிவிட வேண்டும். இல்லையேல் கணிப்பொறியின் மின்சாரம் மின்னேற்றத்தகாத பாட்டரிக்குள் பாயக்கூடும்.

பிழை காணும் முறை

விளக்கு எரியாவிடில் முதலில் கால்கள் மாறியுள்ளனவா எனப் பார்க்க. எதுவுமே இயங்காவிடில் தரைக்கம்பிகள் எல்லாம் ஒன்று சேர்ந்துள்ளனவா என மல்டிமீட்டரால் சோதிக்க. சிலபொழுது எரிந்தும் சிலபொழுது அணைந்தும் இருந்தால் பற்றவைத்த இடத்தில் ஈயம் சரியாகப் பிடிக்கவில்லை என்று பொருள். பளபளப்பின்றி உருண்டையாக நிற்கும் ஈயமே இதற்கு அடையாளம். எல்லாவற்றையும் ஒருங்கே பிரித்துவிடாமல், ஒரு சமயத்தில் ஒன்றை மட்டும் மாற்றிப் பார்த்தல் வேண்டும். அறுந்த இழையைத் தேடும் நெசவாளியின் பொறுமையே இங்கும் தேவை.

காப்பு விதிகள்

இவ்விதிகளில் விட்டுக்கொடுத்தல் கூடாது.

முதலாவது, 230 வோல்ட்டு வீட்டு மின்சாரத்தை எக்காரணத்தாலும் இக்கருவிக்குள் கொண்டுவரலாகாது.

இரண்டாவது, பழைய மடிக்கணினியிலிருந்து எடுத்த லித்தியம் மின்கலங்களைச் சேர்க்கலாகாது. அவை மலிவாகக் கிடைக்கலாம். ஆயினும் காப்புச் சுற்று இன்றிக் கம்பிகள் ஒன்றோடொன்று தொட்டாலும், கலம் நசுங்கினாலும் தீப்பிடிக்கும். கையில் கட்டிய பொருள் தீப்பற்றினால் உடனே கழற்றி எறிவது எளிதன்று.

மூன்றாவது, சால்டரிங் அயர்னின் முனை ஏறத்தாழ 350 பாகை செல்சியசு வெப்பமுடையது. பஞ்சுத் தூசும் பட்டு நூலும் உள்ள தறிக்கூடத்தில் அதனை எடுக்கவே கூடாது. காற்றோட்டமுள்ள இடத்தில் மேசைமீது வேலை செய்க. பற்றவைக்கும் கம்பியில் காரீயம் கலந்திருப்பதால் வேலை முடிந்ததும் கையைச் சோப்பிட்டுக் கழுவிய பின்னரே உணவைத் தொட வேண்டும்.

நான்காவது, கொண்டு செல்லும் முறை. நம் பகுதியில் தாம்பரம் விமானப்படைத் தளமும் மீனம்பாக்கம் விமான நிலையமும் உள்ளன. கம்பியும் பாட்டரியும் டிக் டிக்கென்னும் ஒலியும் உடைய பொருளைக் கண்டு பாதுகாவலர் ஐயுறுவது முறையே. ஆகையால் வழியில் அதனை அணிந்து செல்லலாகாது. பாட்டரியைக் கழற்றித் தனியே வைத்து, கருவியை உள்ளே தெரியும் பையில் எடுத்துச் சென்று, கேட்டவருக்குத் திறந்து காட்ட வேண்டும்.

இதனால் குடும்பத்துக்கு யாது பயன்?

நாம் செய்த கருவியில் நான்கு பகுதிகள் உள்ளன: செய்தியை அறியும் திருகு, முடிவெடுக்கும் பலகை, செயற்படும் விளக்கும் ஒலியும், மின்சாரம் தரும் பாட்டரி. திருகை எடுத்துவிட்டு மண்ணின் ஈரம் அறியும் உறுப்பை ஏ0 முனையில் இணைத்தால், பாத்திக்கு நீர் வேண்டுமா என்பதை அதே மூன்று விளக்குகள் காட்டும். ஈரத்துக்கேற்ற எல்லை எண்களை மட்டும் சோதித்து மாற்ற வேண்டும். கைப்பேசியால் இயங்கும் பம்புக் கருவியிலும், துளையட்டைக்குப் பதிலாக வந்துள்ள மின்னணு ஜக்கார்டிலும் இந்நான்கு பகுதிகளே உள்ளன.

இவற்றுள் ஒன்று பழுதானால் என்ன நேர்கிறது? வெளியூரிலிருந்து ஆள் வரும்வரை தறி நிற்கிறது; ஓடாத தறிக்குக் கூலி இல்லை. பழுது பெரும்பாலும் விடுபட்ட கம்பியா, தேய்ந்த மின்கலமா, உண்மையான கோளாறா என்று சொல்லக்கூடிய ஒருவர் வீட்டிலேயே இருப்பின், வந்தவர் கேட்கும் தொகை நியாயமானதா என்றாவது அறியலாம். உயர் அழுத்த வேலையை உரிய மின்பணியாளரே செய்ய வேண்டும். அவரிடம் என்ன கேட்பது என்று தெரிந்திருப்பது நம் கடமை.

இப்பகுதி மின்னணுத் துறைக்குப் புறம்பானதுமன்று. கடற்கரையிலிருந்து தாம்பரத்துக்கு 1931லேயே மின்ரயில் வந்தது. 1949இல் குரோம்பேட்டையில் தொடங்கப்பெற்ற எம்.ஐ.டி. கல்லூரியில் மின்னணுவியல் பயின்ற எழுத்தாளர் சுஜாதா, பாரத் எலெக்ட்ரானிக்ஸ் நிறுவனத்தில் வாக்குப்பதிவு இயந்திர உருவாக்கத்தில் பங்குகொண்டார். நம் பிள்ளைகள் அத்துறையின் வாயிலில் நிற்கின்றனர். விளையாட்டு அவர்களை உள்ளே அழைக்கிறது.

சங்கத்தின் பங்கு

உறுப்புகள் ஒவ்வொருவருக்கும் தனியே வேண்டும், கருவிகள் அவ்வாறல்ல. எடுத்துக்காட்டாக, சால்டரிங் அயர்ன், மல்டிமீட்டர், கம்பிவெட்டி, பிரெட்போர்டு ஆகியவை சேர்ந்த தொகுதி 1,500 ரூபாய் எனக் கொள்வோம். பத்துப் பேர் தனித்தனியே வாங்கினால் 15,000 ரூபாய். சங்கம் இரு தொகுதிகள் வாங்கி முறைவைத்துக் கொடுத்தால் 3,000 ரூபாய். 1844இல் இங்கிலாந்தின் ராச்டேல் நகரில் நெசவாளரும் பிறரும் தலைக்கு ஒரு பவுன் சேர்த்து மாவும் வெண்ணெயும் ஒன்றாக வாங்கத் தொடங்கிய வழி இதுவே. அவர்கள் பிற்காலத்தில் ஆதாயத்தின் ஒரு பகுதியைக் கல்விக்கென ஒதுக்கினர். 1995இல் உலகக் கூட்டுறவு இயக்கம் வகுத்த ஏழு கொள்கைகளுள் ஐந்தாவதும் கல்வி, பயிற்சி, தகவல் என்பதே.

ஆகவே நிர்வாகக் குழு, துணைவிதி இடந்தரும் தலைப்பில் தீர்மானம் நிறைவேற்றி, சிறு கருவித் தொகுதி வாங்கலாம். வழங்கல் பதிவேடு ஒன்று வேண்டும். எடுத்தவர் பெயர், தேதி, திரும்பிய நாள், பொருளின் நிலை ஆகியவை அதில் பதியப்பெற வேண்டும். பெற்றோரும் மூன்று நிபந்தனைகள் விதிக்கலாம். செலவுக் கணக்கைப் பிள்ளை எழுதிக் காட்ட வேண்டும். காப்பு விதிகளை மீறலாகாது. கருவி முடிந்தபின் அதன் மூடியைத் திறந்து, ஒவ்வொரு கம்பியும் எதற்கென்று வீட்டாருக்கு விளக்க வேண்டும். மூன்றாம் நிபந்தனையே தலையாயது. விளக்கத் தெரிந்தவர் கற்றவர். அவருக்குக் கொடுத்த பணம் பொம்மைக்குப் போகவில்லை.

படிப்பு வட்டத்துக்குரிய வினாக்கள்

1. 4.5 வோல்ட்டில் 3 வோல்ட்டு எடுக்கும் வெள்ளை விளக்கை 270 ஓம் வழியாக இணைத்தால் எவ்வளவு மின்னோட்டம் செல்லும்?
2. ஜக்கார்டு அட்டையின் துளை, ஊசி, பாவு இழை ஆகியவற்றுக்கு நம் கருவியில் எவற்றை ஒப்பிடலாம்?
3. நம் உறுப்பினரின் தறியிலும் பம்பிலும் அடிக்கடி நேரும் மின்கோளாறுகள் எவை? அவற்றுள் எவற்றை வீட்டிலேயே கண்டறியலாம்? அடுத்த கூட்டத்துக்குப் பட்டியல் கொண்டு வருக.